தேவாங்கின் காடு

கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் பரந்துள்ள வறண்ட காட்டில் பகற்பொழுதில் தேவாங்கைக் காண்பது அரிது. கிளைகள் பின்னிய மரத்தினிடையே உடலைப் பந்துபோல் சுருட்டிக்கொண்டு அது உறங்கும். இருள் சூழ்ந்த பின்னரே இரை தேடப் புறப்படும்.

தேவாங்கு, குரங்கோடு உறவுடைய சிறு பாலூட்டி. அதன் எடை ஏறத்தாழக் கால் கிலோ. பெரிய கண்கள் மங்கிய ஒளியிலும் பார்க்க உதவுகின்றன. பூச்சிகளே முதன்மை உணவு. பயிரை அழிக்கும் பூச்சிகளையும் தின்பதால் அது உழவருக்கு நன்மை செய்கிறது.

குரங்கைப்போல் தேவாங்கு தாவுவதில்லை. ஒரு கிளையைப் பற்றிய பின்னரே மறு கிளையை விடும். ஆகவே, மரங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் காடே அதற்கேற்ற வாழிடம். இடையில் சில மரங்களை வெட்டினாலும் அதன் பாதை அறுந்துவிடும். தரையில் இறங்கினால் வண்டிகளும் நாய்களும் அதற்குக் கூற்றாகும். மூடநம்பிக்கையால் மனிதர் அதைப் பிடித்துத் துன்புறுத்தியதும் உண்டு.

இவ்வுயிரைக் காக்க, 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு இக்காட்டின் 11,806 ஹெக்டேர் பரப்பைக் ‘கடவூர் தேவாங்கு சரணாலயம்’ என அறிவித்தது. தேவாங்குக்கென அமைந்த இந்தியாவின் முதல் சரணாலயம் இதுவே.

தேவாங்கு கர்நாடகத்திலும் இலங்கையிலும் வாழ்கிறது. ஆஸ்டின் டவுன் அமைந்துள்ள பெங்களூரிலேயே, இந்திய அறிவியல் கழக வளாகத்து மரங்களில் அதனை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். தமிழர் மெலிந்தவரைத் ‘தேவாங்கு’ என்று கேலி செய்வதுண்டு. கன்னடரோ அவ்விலங்கைக் ‘காடுபாப்பா’ என்பர். ‘காட்டுக் குழந்தை’ என்பது அதன் பொருள்.

சரணாலயத்தில் சட்டம் காவல் நிற்கிறது. நகரத்திலோ, சாலையை அகலப்படுத்தவும் வீடு கட்டவும் ஒரு மரம் வெட்டப்படும்போது, அது தேவாங்கின் பாதையா என்று பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. அக்கேள்வியைக் கேட்கக் கற்பதே காட்டுக் குழந்தைக்கு மனிதர் செய்யும் முதல் உதவி.

சொற்பொருள்
வாழிடம் – உயிர்கள் வாழும் இயற்கைச் சூழல்
கூற்று – எமன்
சரணாலயம் – காட்டுயிர்களுக்குச் சட்டக் காப்பு உள்ள இடம்

பயிற்சி
1. தேவாங்கு உழவருக்கு எவ்வாறு நன்மை செய்கிறது?
2. மரங்கள் தொடர்ந்து நிற்பது தேவாங்குக்கு ஏன் இன்றியமையாதது?
3. பிரித்து எழுதுக: இவ்வுயிர், அவ்விலங்கு.
4. உம் தெருவில் கிளைகள் தொட்டு நிற்கும் மரங்களை உற்றுநோக்கி, அவற்றில் வாழும் உயிர்களைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.