ஓய்வுக்காலப் பணம்: மனசு எங்கே இடறுகிறது?



ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிக்கலாம். 28 வயசில் ஒருத்தர் கம்பெனி மாறுகிறார். பழைய கம்பெனியில் பிடித்த பி.எஃப். பணம் 1,50,000 ரூபாய் கணக்கில் இருக்கிறது. "நம்ம காசுதானே, எடுத்துட்டா ஒரு வண்டி வாங்கலாமே" என்று தோன்றுகிறது. விண்ணப்பம் போடுகிறார். பணம் வருகிறது, வண்டியும் வருகிறது. பத்து வருஷத்தில் அந்த வண்டி பழைய இரும்பு விலைக்குப் போய்விடும்.

அதே 1,50,000 ரூபாயை எடுக்காமல் புதுக் கம்பெனிக் கணக்கோடு சேர்த்து, ஆண்டுக்கு 8 சதவீதக் கூட்டு வட்டியில் 30 வருஷம் விட்டிருந்தால் சுமார் 15 லட்சம் ஆகியிருக்கும். விலைவாசியும் ஏறும் என்பது உண்மைதான். இருந்தாலும் 58 வயசில் அது கைக்கு வரும்போது, பிள்ளைகளிடம் கேட்காமல் மருந்துச் செலவைப் பார்த்துக்கொள்ளும் தெம்பு கிடைக்கும்.

இன்னொரு இழப்பும் இருக்கிறது. பி.எஃப். பணத்தோடு ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால், அதுவரை செய்த சேவைக்காலம் கணக்கிலிருந்து போய்விடும். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 வருஷ சேவை வேண்டும். மூன்று கம்பெனியில் நாலு நாலு வருஷம் வேலை பார்த்தவருக்கு மொத்தம் 12 வருஷம் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் எடுத்துவிட்டால் கடைசியில் கையில் நிற்பது நாலு வருஷம் மட்டும்தான்.

இதெல்லாம் அவருக்குத் தெரியாதா? பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தும் எடுக்கிறோம். காரணம், பணத்தைப் பற்றிய முடிவைப் பெரும்பாலும் அறிவு எடுப்பதில்லை, அந்த நேரத்து மனசு எடுக்கிறது. மனசு இடறும் நாலு இடங்களையும், இடறாமல் இருக்கும் வழியையும் இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. "அப்புறம் பார்த்துக்கலாம்"

60 வயசு நம்ம கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த வயசில் இருக்கப்போகிறவர் யாரோ ஒரு பெரியவர் மாதிரி தோன்றுகிறது. அமெரிக்காவில் ஹால் ஹெர்ஷ்ஃபீல்ட் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2011-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அதில் இளைஞர்களின் முகத்தையே வயதானதாக மாற்றிக் கணினி வழியாகக் காட்டினார்கள். தன் முதுமை முகத்தைப் பார்த்தவர்கள், பார்க்காதவர்களைவிட ஓய்வுக்காலத்துக்குக் கூடுதல் தொகை ஒதுக்கச் சம்மதித்தார்கள். யாருக்காகச் சேமிக்கிறோம் என்பது கண்ணில் தெரிந்ததும் கை தானாக நீண்டது.

தள்ளிப்போடுவதன் விலை என்ன என்று பாருங்கள். மாதம் 2,000 ரூபாயை 25 வயசில் தொடங்கி 60 வரை, 8 சதவீத வளர்ச்சியில் போட்டால் சுமார் 46 லட்சம் சேரும். அதையே 35 வயசில் தொடங்கினால் சுமார் 19 லட்சம்தான். பத்து வருஷம் தள்ளிப்போட்டதில் மிச்சமானது 2,40,000 ரூபாய், விட்டது சுமார் 27 லட்சம். இரண்டாவது நபர் சோம்பேறி இல்லை. "சம்பளம் கொஞ்சம் ஏறட்டும்" என்று நினைத்தார், அவ்வளவுதான்.

2. பயம்

நூறு ரூபாய் கிடைத்தால் வரும் சந்தோஷத்தைவிட, நூறு ரூபாய் தொலைந்தால் வரும் வலி பெரிது. டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-ல் எழுதிய ஒரு கட்டுரை இதைத்தான் விளக்கியது. கானமனுக்கு 2002-ல் பொருளாதார நோபல் பரிசும் கிடைத்தது.

இந்த வலி முதலீட்டில் என்ன செய்யும் என்பதை 2020 காட்டியது. அந்த ஜனவரியில் சென்செக்ஸ் 42,000 புள்ளிகளைத் தொட்டது. கொரோனா வந்தது. மார்ச் 23 அன்று ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கு மேல் சரிந்து, 26,000-க்குக் கீழே முடிந்தது. "இருக்கிறதையாவது காப்பாத்துவோம்" என்று அன்றைக்கு விற்றவர்களின் பயம் நியாயமான பயம். ஆனால் அதே ஆண்டு டிசம்பர் கடைசியில் சென்செக்ஸ் 47,000-க்கு மேலே நின்றது. விற்றவர்களுக்கு நஷ்டம் நிரந்தரம் ஆனது, விற்காதவர்களுக்கு அது ஒரு கெட்ட கனவாகப் போனது.

அதற்காக, பங்குச்சந்தை எப்போதும் சீக்கிரம் எழுந்துவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், அந்த ஆண்டிலேயே 9,000-க்குக் கீழே போனது. பழைய உயரத்துக்குத் திரும்ப 2010 நவம்பர் வரை ஆனது. அந்த இடைவெளியில் மகள் கல்யாணம் வைத்திருந்தவர் என்ன செய்வார்? அதனால், ஐந்து வருஷத்துக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்குச்சந்தையில் வைக்காதீர்கள். அங்கே இருப்பது அவசரமில்லாத பணமாக இருந்தால்தான் உங்கள் மனசும் அவசரப்படாது.

3. ஆசையும், கூட இருப்பவர் மேல் நம்பிக்கையும்

"ஒரு லட்சம் போட்டா மாசம் பத்தாயிரம் தர்றாங்க. பக்கத்து வீட்டு அக்காவுக்கு நாலு மாசமா வந்துக்கிட்டிருக்கு." இந்தப் பேச்சைக் கேட்காத ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறதா? மாசம் பத்தாயிரம் என்றால் ஆண்டுக்கு 120 சதவீதம். வங்கி ஒற்றை இலக்க வட்டி தரும் காலத்தில், 120 சதவீதம் எந்தத் தொழிலில் இருந்து வரும் என்று ஒரு நிமிஷம் யோசித்தால் போதும். நாலு மாசம் அக்காவுக்கு வந்தது பின்னால் சேர்ந்தவர்களின் பணமாக இருக்கலாம்.

இதில் ஏமாறுகிறவர்களைப் பேராசைக்காரர் என்று திட்டுவது எளிது, ஆனால் சரியில்லை. பலர் ஓய்வுபெற்றபோது வந்த மொத்தத் தொகையைப் போட்டவர்கள். "ஓய்வூதியம் பத்தாதே" என்ற கவலையும், தெரிந்த ஒருவர் சொல்கிறாரே என்ற நம்பிக்கையும்தான் அவர்களைத் தள்ளின. ஏமாந்த பிறகு வரும் வெட்கம் புகார் கொடுக்கவும் விடுவதில்லை. தாமதம் ஆக ஆகப் பணத்தை மீட்பது கஷ்டமாகிறது.

பணம் போடும் முன்பே சரிபாருங்கள். பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்க அந்த நிறுவனத்துக்கு அனுமதி இருக்கிறதா என்பதை ரிசர்வ் வங்கியின் சசேத் இணையதளத்தில் பார்க்கலாம், புகாரும் செய்யலாம். சீட்டு என்றால் பதிவுத்துறையில் பதிவு செய்த சீட்டா என்று கேளுங்கள். பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் என்றால் செபியில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். ஏமாந்துவிட்டால் பொருளாதாரக் குற்றப்பிரிவு காவல்துறையிடம் போகலாம். முதலீட்டாளர்களைக் காக்க 1997-லேயே தமிழ்நாட்டில் தனிச்சட்டம் இருக்கிறது. இணையம், செல்பேசி வழியாகப் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். இதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

4. பாசம்

நம்ம ஊரில் ஓய்வுக்காலப் பணம் அதிகம் கரைவது இங்கேதான். பிள்ளையின் தொழிலுக்கு, பேரனின் காலேஜ் சீட்டுக்கு, மகளின் கல்யாணத்துக்கு என்று எடுத்து எடுத்துக் கொடுக்கிறோம். கொடுப்பது தப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் படிப்புக்குக் கடன் கிடைக்கும், வீட்டுக்குக் கடன் கிடைக்கும். உங்கள் முதுமைச் செலவுக்கு அப்படி எளிதில் கடன் கிடைக்காது. உங்கள் பங்கை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள். அது சுயநலம் இல்லை. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கே பாரமாகாமல் இருக்கும் வழி அது.

இருக்கிற ஒரே வீட்டையும் பாசத்தில் செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கிறவர்கள் உண்டு. அப்படி எழுதினால், "கடைசிவரை எங்களைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ன் 23-வது பிரிவின்படி, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கோரலாம். இதற்கான தீர்ப்பாயம் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. யோசனை கேட்க மூத்த குடிமக்கள் உதவி எண் 14567 இருக்கிறது. "பெத்த பிள்ளைகிட்ட நிபந்தனையா?" என்று மனசு கூசும். கூசினாலும் எழுதிவிடுங்கள். நல்ல பிள்ளைக்கு அந்த ஒரு வரியால் எந்த நஷ்டமும் இல்லை.

அப்போ என்ன செய்யணும்?

பயப்படாதே, ஆசைப்படாதே என்று மனசுக்கு உத்தரவு போட்டால் அது கேட்காது. பயமும் ஆசையும் பாசமும் வரத்தான் செய்யும். அவை வரும் நேரத்தில் முடிவெடுக்கிற நிலைமையை மட்டும் நாம் தவிர்க்கலாம். முடிவை முன்கூட்டியே, மனசு அமைதியாக இருக்கும்போதே எடுத்து வைத்துவிட வேண்டும்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்சி என்ற இரண்டு பேராசிரியர்கள் இதைச் செய்து காட்டினார்கள். தொழிலாளர்களிடம், "இன்னைக்குச் சம்பளத்தில் பிடிக்கமாட்டோம். அடுத்த சம்பள உயர்வு வரும்போது அதில் ஒரு பங்கை ஓய்வுக்காலச் சேமிப்புக்குத் திருப்பிவிடச் சம்மதமா?" என்று கேட்டார்கள். பெரும்பாலோர் சரி என்றார்கள். கையில் வாங்கியதைக் கொடுக்கும் வலி அதில் இல்லை. 40 மாதங்களில் அவர்களின் சேமிப்பு சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக ஏறியது.

இதையே நம் வீட்டில் இப்படிச் செய்யலாம்:

• சம்பளம் வந்த மறுநாளே சேமிப்புத் தொகை வங்கியிலிருந்து தானாகப் போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். பி.பி.எஃப்., தேசிய ஓய்வூதியத் திட்டம், மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி. என எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொரு இன்கிரிமென்டுக்கும் அதைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

• ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தனியாக வங்கியில் வையுங்கள். ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் நீண்டகாலப் பணத்தில் கை வைக்காமல் இருக்க இதுதான் அணை.

• கம்பெனி மாறினால் பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள், மாற்றுங்கள். உங்கள் யு.ஏ.என். எண் ஒன்றுதான். உமங் செயலியில் இருப்பைப் பார்க்கலாம். ஐந்து வருஷ சேவைக்கு முன் எடுத்தால் வரியும் வரலாம்.

• தினக்கூலி, கடை வேலை, வீட்டு வேலை செய்கிறவர்கள் 18 முதல் 40 வயதுக்குள் அடல் பென்ஷன் திட்டத்தில் சேரலாம். 60 வயதுக்குப் பிறகு மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை உறுதியான ஓய்வூதியம் உண்டு. வருமான வரி செலுத்துபவர்கள் இதில் சேர முடியாது.

• ஓய்வுபெறும்போது வரும் மொத்தத் தொகையை மூன்று மாதம் வங்கியிலேயே வைத்திருங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான் வைப்புக் காப்பீடு உண்டு என்பதால் பிரித்து வைப்பது நல்லது. பிறகு நிதானமாக, அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் போன்றவற்றை யோசியுங்கள். அதில் 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும்.

• எந்தப் புது முதலீட்டுக்கும் இரண்டு ராத்திரி தள்ளிக் கையெழுத்துப் போடுங்கள். "இன்னைக்கே கடைசி நாள்" என்று ஒருவர் அவசரப்படுத்தினால், அதுவே வேண்டாம் என்று சொல்லப் போதுமான காரணம்.

ஒரு பயிற்சி

இன்று இரவு ஒரு தாளை எடுங்கள். உங்களுக்கு 65 வயசாகும் ஆண்டை மேலே எழுதுங்கள். அன்றைக்கு எங்கே குடியிருப்பீர்கள், மாதம் என்ன செலவு, அதில் எவ்வளவு உங்கள் சொந்தப் பணம் என்று மூன்று வரி எழுதுங்கள். இன்றைய 20,000 ரூபாய்ச் செலவு, விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 25 வருஷத்தில் சுமார் 86,000 ரூபாய் ஆகும் என்பதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே இன்னும் மூன்று வரி. எந்தப் பணத்தை எக்காரணம் கொண்டும் தொடமாட்டேன், சந்தை விழுந்தால் என்ன செய்வேன், பிள்ளைகளுக்கு எவ்வளவு வரை கொடுப்பேன். கணவன் மனைவி இரண்டு பேரும் படித்துக் கையெழுத்துப் போட்டு பீரோவில் வையுங்கள். எல்லாக் கணக்கிலும் நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

நாளைக்குச் சந்தை சரியலாம், தெரிந்தவர் புதுத் திட்டத்தோடு வரலாம், பிள்ளை கண்கலங்கி நிற்கலாம். அன்றைக்கு மனசு படபடக்கும்போது பீரோவைத் திறந்து அந்தத் தாளை ஒருமுறை படித்துவிட்டுப் பேசுங்கள். அதை எழுதியவரும் நீங்கள்தான், நிதானமாக இருந்த நாளில்.