ராஜாவின் மகன் எந்த வீட்டுப் பிள்ளை?

கேள்வி: எங்கள் குடும்பம் நாலு தலைமுறையாகத் தோவாளையில் பூ வியாபாரம் செய்கிறது. எங்கள் பூட்டனாருக்கும் மேலே ஒருவர் திருவிதாங்கூர் ராஜா ஒருவருக்குப் பிறந்தவர் என்று ஆச்சி சொல்வாள். அண்மையில் இங்கிலாந்தின் சர்ச்சில் குடும்ப வரலாற்றைப் புரட்டினேன். தகப்பன், மகன், பேரன் என்று வரிசை ஒழுங்காகப் போவதுபோல் தெரிந்தது. அதே மாதிரி திருவிதாங்கூர் ராஜாக்களுக்கு ஒரு வம்சாவளி வரைய உட்கார்ந்தால், எந்த ராஜாவின் மகனும் பட்டத்துக்கு வரவில்லை. கோயில் கொடையில் பாடுகிற தம்பிமார் கதையிலோ ராஜாவின் பிள்ளைகளைக் கொன்றே போடுகிறார்கள். இது என்ன முறை? ஆச்சி சொல்வது நிஜமானால் நாங்களும் அரச வம்சம்தானே?
— வாசகர், தோவாளை

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆச்சி சொல்வது முழுக்க நிஜமாகவே இருக்கட்டும். அப்போதும் அந்த நாட்டு முறைப்படி நீங்கள் அரச வம்சம் இல்லை. வருத்தப்பட வேண்டாம், ராஜா தூக்கி வளர்த்த சொந்த மகனையே அந்த வம்சம் தன் கணக்கில் சேர்த்ததில்லை.

வேணாடு என்ற பழைய பெயர் கொண்ட திருவிதாங்கூரின் அரச குடும்பம் மருமக்கள்வழி. பிள்ளைகள் தாயின் வீட்டைச் சேர்ந்தவர்கள். ராஜாவுக்குப் பிறகு அவர் தம்பி. தம்பி இல்லாவிட்டால் உடன்பிறந்தாளின் மகன். அந்த மருமகனுக்குத்தான் பட்டம். (இன்று மருமகன் என்றதும் மகளின் கணவன் நினைவுக்கு வருவதால்தான் பலர் இந்த இடத்தில் குழம்பிவிடுகிறார்கள்.) ராஜாவின் மனைவி அம்மச்சி, ராணி அல்ல. ராணி என்றால் ராஜாவின் தாய், அல்லது சகோதரி, அல்லது சகோதரியின் மகள். அம்மச்சிக்குப் பிறக்கும் ஆண்பிள்ளைக்குத் 'தம்பி', பெண்பிள்ளைக்குத் 'தங்கச்சி' என்று பட்டப்பெயர். அவர்கள் அம்மவீட்டைச் சேர்ந்தவர்கள். பழைய அம்மவீடுகள் நாலின் பெயரைக் கேளுங்கள்: அருமனை, வடசேரி, நாகர்கோவில், திருவட்டாறு. நாலும் நம் கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்ப்பெயர்கள். உங்கள் ஆச்சி சொல்லும் கதைக்கு வேர் இருக்குமானால், தேட வேண்டியது அரண்மனையில் அல்ல, அந்த வீடுகளின் பக்கம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெயரில் தம்பி என்று இருந்தாலே ராஜாவின் மகன் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தலக்குளத்து வேலுத்தம்பி தளவாய் எந்த ராஜாவுக்கும் மகனல்ல. அவர் வேலாயுதன் செண்பகராமன் தம்பி. அந்தச் செண்பகராமன் ஒரு குடும்பத்துக்கு ராஜா கொடுத்த பட்டம்.

இனி தம்பிமார் கதை. வலிய தம்பி, குஞ்சுத் தம்பி கதையைச் சிறுவயதில் ஒரு கொடையில் வில்லுப்பாட்டாக விடிய விடியக் கேட்டிருக்கிறேன். தம்பிமார் வெட்டுப்படும் கட்டம் வந்ததும் புலவர் வீசுகோலை வில்லிலிருந்து எடுத்துவிட்டார். மணிச்சத்தம் நின்று, குடம் மட்டும் மெல்லக் கேட்டது. முன்வரிசையில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். அவர்களுக்கு அது ராஜா கதை இல்லை. தகப்பன் சொத்து கிடைக்காமல் போன பிள்ளைகளின் கதை.

நடந்தது இதுதான். 1729-இல் ராஜா ராம வர்மா இறந்ததும் அவருடைய மருமகன் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்தார். ராம வர்மாவின் பிள்ளைகள் தங்களுக்கே உரிமை என்று எழுந்தார்கள். நாட்டில் செல்வாக்கு மிகுந்த எட்டுவீட்டுப் பிள்ளைமார் அவர்கள் பக்கம் நின்றார்கள். 1878-இல் சங்குண்ணி மேனன் எழுதிய திருவிதாங்கூர் வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. பாட்டில் வலிய தம்பி என்று வருகிற மூத்தவர் பப்புத் தம்பி திருச்சிராப்பள்ளிக்கே போய் முறையிட்டாராம். அங்கிருந்து அழகப்ப முதலியார் என்பவர் படையோடு நாஞ்சில் நாட்டுக்கு வந்து விசாரித்தார். ராஜாவின் ஆட்கள் பழைய ஆவணங்களைக் காட்டி, இந்த நாட்டில் பட்டம் மருமகனுக்கே என்று வாதாடினார்கள். தீர்ப்பு தம்பிமாருக்கு எதிராகப் போனது. தகப்பன் சொத்து பிள்ளைகளுக்கே போகும் மக்கள்வழி நாட்டிலிருந்து வந்தவரிடம் மக்கள்வழி நியாயம் கிடைக்கும் என்று தம்பி நம்பியிருக்க வேண்டும். அந்த நம்பிக்கையை நினைத்தால் எனக்கு இன்றும் மனது கனக்கிறது. பின்னால் அண்ணன் தம்பி இருவரும் கொல்லப்பட்டார்கள். சட்டம் மார்த்தாண்ட வர்மா பக்கம் இருந்தது; பாட்டு தம்பிமார் பக்கம் நின்றுவிட்டது.

இங்கிலாந்து வரிசை ஒழுங்கானது என்கிறீர்கள். அந்தப் புத்தகத்தையே இன்னொரு முறை பாருங்கள். முதலாம் மார்ல்பரோ டியூக் ஜான் சர்ச்சிலுக்கு இருந்த ஆண்பிள்ளைகள் இறந்துபோனார்கள். பட்டம் மறைந்துவிடக் கூடாது என்று 1706-இல் பாராளுமன்றத்தில் தனிச் சட்டமே போட்டு, பெண்மக்களுக்கும் போக வழிசெய்தார்கள். 1722-இல் அவர் இறந்ததும் மூத்த மகள் ஹென்ரியட்டா பட்டத்துக்கு வந்தார். 1733-இல் அவரும் மறைந்தபோது பட்டம் யாருக்குப் போனது தெரியுமா? அவர் தங்கை ஆனின் மகன் சார்லஸ் ஸ்பென்சருக்கு. உடன்பிறந்தாளின் மகன்! அதே வருஷம் இங்கே பட்டத்தில் இருந்த மார்த்தாண்ட வர்மாவும் உடன்பிறந்தாளின் மகன்தான். அங்கே அது தனிச் சட்டம் போட்டுச் செய்த விதிவிலக்கு. இங்கே அதுவே விதி. வின்ஸ்டன் சர்ச்சிலுக்குச் சர்ச்சில் என்ற பெயர் கிடைத்ததே அந்த ஆன் வழியாகத்தான். தகப்பன்வழியில் அவர்கள் ஸ்பென்சர்கள்; 1817-இல் தான் சர்ச்சில் என்பதையும் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள்.

அங்கே ஆண்வாரிசு இல்லாவிட்டால் குடும்பமே கலங்கிப்போகும். இங்கே கலக்கம் பெண்குழந்தை இல்லாதபோது. ராஜா இருந்தாலும் அடுத்த ராஜாவைப் பெற ஆள் இல்லையே! அதனால்தான் இந்தக் குடும்பம் தலைமுறைக்குத் தலைமுறை வடக்கே கோலத்துநாட்டு வழிக் குடும்பங்களிலிருந்து பெண்களைத் தத்தெடுத்து வந்தது. 1900-இல் மாவேலிக்கரையிலிருந்து இரண்டு சிறுமிகள் தத்து வந்தார்கள்: சேது லட்சுமி பாயி, சேது பார்வதி பாயி. ஓவியர் ரவி வர்மாவின் மகள்வயிற்றுப் பேத்திகள். ஆனால் தத்துக்கு அவர்களைத் தகுதியாக்கியது தாத்தாவின் புகழ் அல்ல, பாட்டியின் வீடு. ரவி வர்மாவின் மனைவி, அப்போது மூத்த ராணியாக இருந்த லட்சுமி பாயியின் உடன்பிறந்தவர். அந்தச் சிறுமிகளில் இளையவரின் மகன்தான் 1936-இல் கோயில் நுழைவுப் பிரகடனம் செய்த சித்திரைத் திருநாள். மூத்தவர், ராஜா மூலம் திருநாள் மறைந்த 1924 முதல் 1931 வரை, சித்திரைத் திருநாளுக்கு வயது வரும்வரை நாட்டை ஆண்டார்.

அதற்கு முன்பும் பெண் ஆண்டதுண்டு: 1810-இல் பட்டத்துக்கு உரிய ஆண் இல்லாமல் கௌரி லட்சுமி பாயி அரியணையில் அமர்ந்தார். 1813-இல் அவருக்குப் பட்டத்துக்கு உரிய மகனாகச் சுவாதித் திருநாள் பிறந்தார். ஆங்கிலேயர் அஞ்சுதெங்கில் கோட்டை கட்ட இடம் வாங்கியதுகூட இந்தக் குடும்பத்து ஆற்றிங்கல் ராணியிடம்தான். பாடப்புத்தகப் பட்டியலில் வர்மாக்கள் மட்டும் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களை ஒருவரோடொருவர் கோத்த நார் இந்தப் பெண்கள். நீங்கள் வரைந்த படம் ஒட்டாமல் போனதற்கு அதுதான் காரணம். பெண்களை முதலில் எழுதி, கீழே பிள்ளைகளைத் தொங்கவிடுங்கள். ஒவ்வொருவரும் தன் இடத்தில் வந்து அமர்வார்.

உங்கள் சொந்த வம்சாவளிக்கும் இதே வழிதான். முதலில் ஆச்சியிடம் கேளுங்கள்: நம் வீடு மக்கவழியா, மருமக்கவழியா? நாஞ்சில் நாட்டு வேளாளரிலும் பெரும்பகுதி மருமக்கவழியாகவே இருந்தது. குடும்பத் தலைவரான காரணவர் கண் மூடினால் அவர் பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஒரு சிறு பங்கு, மற்றதெல்லாம் மருமக்களுக்கு. அதனால் வந்த கண்ணீரையும் வழக்கையும்தான் தேரூர்க் கவிமணி 'மருமக்கள்வழி மான்மியம்' என்று பாடினார். 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்த பிறகே பிள்ளைகளுக்குத் தகப்பன் சொத்தில் உரிமை நிலைத்தது. ஆகவே அந்த வருஷத்துக்கு முந்திய ஆதாரம் (சொத்துப் பத்திரம்) ஏதாவது வீட்டுப் பெட்டியில் கிடைத்தால், அதில் தகப்பன் பெயரைத் தேடிச் சலிக்காதீர்கள். அம்மான் பெயரைத் தேடுங்கள். உங்கள் தாலுகாவிலேயே அழகியபாண்டியபுரத்துப் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் நூற்றாண்டுக் கணக்கான ஓலைகள் காத்து வைக்கப்பட்டிருந்தன. நிலம், வரி, அடிமை விற்பனை எல்லாம் அவற்றில் உண்டு. அ.கா.பெருமாள் அவற்றைப் பதிப்பித்திருக்கிறார். உங்கள் முன்னோர் ஊரின் பெயர் அதில் வருகிறதா என்று பாருங்கள்.

பழைய ஆதாரங்களில் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரை தேதி இருந்தால் 824 கூட்டுங்கள். அதன்பின் ஆடி முடிய 825. மார்த்தாண்ட வர்மா நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்தது 925 தை 5. அது 1750 ஜனவரி. ஆச்சிக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே அவளுடைய தாய், தாயின் தாய், அவர்கள் பிறந்த வீட்டுப்பெயர் மூன்றையும் எழுதி வாங்கிவிடுங்கள். அதற்கப்புறம் பெட்டியைத் திறக்கலாம்.