ஆபீசில் விசுவாசம்: எதற்குச் சரி, எதற்கு முடியாது?

2024-இல் ஈஸ்டர் ஞாயிறு மார்ச் 31 அன்று வந்தது. நிதியாண்டின் கடைசி நாள். அரசு வரவு செலவைக் கையாளும் வங்கிக் கிளைகள் அன்று திறந்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ஆராதனையா, கவுன்ட்டரா? வேலைக்குப் போகும் கிறிஸ்தவர்களுக்கு இந்தக் கேள்வி வேறு வேறு வேடத்தில் வந்துகொண்டே இருக்கும்: ஞாயிறு ஷிஃப்ட், ஆயுத பூஜை, டீம் பார்ட்டி, பொய் பில். அந்தந்த நேரத்துக்குத் தோன்றியபடி முடிவெடுத்தால் ஒன்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுவோம், இல்லை எல்லாவற்றுக்கும் முறைத்துக்கொண்டு நிற்போம். இரண்டுமே வேலைக்கும் ஆகாது, விசுவாசத்துக்கும் ஆகாது.

தானியேல் போட்ட கணக்கு

பாபிலோன் அரண்மனைக்குக் கொண்டுபோகப்பட்ட தானியேல் ஏற்றுக்கொண்டவை எத்தனை என்று பாருங்கள். 3 ஆண்டுப் பயிற்சி. கல்தேயரின் எழுத்தும் மொழியும். பெல்தெஷாத்சார் என்று பெயரையே மாற்றினார்கள். அதற்கும் சண்டை பிடிக்கவில்லை. மறுத்தது அரசனின் பந்திச் சாப்பாட்டையும் திராட்சரசத்தையும் மட்டும்தான். பையன்கள் இளைத்துப்போனால் தன் தலை போகுமே என்ற மேலதிகாரியின் பயமும் அவருக்குப் புரிந்தது. அதனால் 10 நாள் காய்கறியும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பார்க்கும்படி கேட்டார்.

விட்டுக்கொடுத்தது பல, மறுத்தது ஒன்று, அந்த மறுப்போடும் ஒரு மாற்று வழி. உங்கள் பட்டியலும் இப்படி இருக்கட்டும். என்ன ஆனாலும் செய்யமாட்டேன் என்பவை மூன்று நான்கைத் தாண்ட வேண்டாம்: பொய்க் கையெழுத்து, லஞ்சம், அடுத்தவர் உழைப்பைத் தன் பெயரில் காட்டுவது. மற்றவற்றில் பாதி நம் பழக்கம், மீதி நம் சபை வழக்கம். அவற்றில் வளைந்துகொடுக்கலாம்.

லீவு: முந்திக் கேளுங்கள்

ஈஸ்டர் யாருக்கும் தெரியாமல் வருவதில்லை. 2027-இல் பெரிய வெள்ளி மார்ச் 26, ஈஸ்டர் மார்ச் 28. மறுபடியும் இயர் எண்டிங் நெருக்கடி. அமெரிக்க கிளையன்ட்டுக்கு வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்நாட்டு மத்திய அரசு விடுமுறைப் பட்டியலில் கிறிஸ்துமஸ் உண்டு, பெரிய வெள்ளி இல்லை.

ஜனவரியிலேயே பேசிவிடுங்கள், பதிலுக்கு என்ன தருவீர்கள் என்பதையும் சேர்த்து. “சார், பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் எனக்கு லீவு வேணும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நான் டியூட்டி பார்த்துக்கிறேன்.” ஆஸ்பத்திரி நர்ஸ்கள் தங்களுக்குள் இப்படித்தான் மாற்றிக்கொள்கிறார்கள். உங்கள் விசுவாசத்துக்கான செலவைப் பக்கத்து சீட்டுக்காரர் தலையில் கட்டாதீர்கள்.

பொரி கடலையும் பார்ட்டியும்

ஆயுத பூஜையில் படைத்த பொரி கடலையைச் சாப்பிடலாமா? கொரிந்து சபைக்கும் இதே மாதிரிச் சிக்கல் இருந்தது. சந்தை இறைச்சி கோயிலில் படைத்ததாக இருக்கலாம்; என்ன செய்வது? கடையில் விற்பதை விசாரிக்காமல் சாப்பிடலாம், படைத்தது என்று ஒருவர் சொன்னால் அவருடைய மனசாட்சியை முன்னிட்டு விட்டுவிடலாம் என்பது பவுல் காட்டிய வழி. இன்றும் இதில் சபைக்குச் சபை கருத்து வேறுபடுகிறது. உங்கள் முடிவை முதல் நாளே எடுத்துவிடுங்கள். மேசை துடைப்பதில் எல்லோரோடும் கைகொடுங்கள். பொரி வேண்டாம் என்றால், “இருக்கட்டுங்க, நீங்க எடுத்துக்குங்க” என்று சிரித்த முகத்தோடு சொன்னால் போதும். காரணம் கேட்டால் ஒரு வரி, பிரசங்கம் வேண்டாம்.

பார்ட்டியில் கையில் ஒரு லைம் சோடா. குடித்தவர்களைப் பத்திரமாக வீட்டில் இறக்கிவிடும் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடும் இடம்

ஆயுத பூஜை வருடத்துக்கு ஒரு முறை; செலவு பில் மாதா மாதம். பொரியைத் தொடலாமா என்று மூன்று நாள் யோசிப்பவர், போகாத ஊருக்கு டாக்ஸி பில் வைக்க மூன்று நிமிடம்கூட யோசிப்பதில்லை. பரீட்சை இங்கேதான்.

சரக்கு ஏப்ரல் 2-ஆம் தேதி வந்திருக்கிறது; மார்ச் 31 என்று போட்டு வரவு வைக்கச் சொல்கிறார் மேனேஜர். “நான் கிறிஸ்தவன், பொய் எழுதமாட்டேன்” என்றால் சுற்றி இருப்பவர்கள் எல்லாம் பொய்யர்கள் என்று சொன்னதாகிவிடும். வேலையின் மொழியிலேயே பேசுங்கள்: “சார், கேட் ரெஜிஸ்டர்ல ரெண்டாம் தேதின்னுதான் இருக்கு. அதையே போட்டுடுறேன். சப்ளையர் லேட்டுன்னு ஹெட் ஆபீசுக்கு மெயில் நானே எழுதித் தர்றேன்.” அப்புறமும் வற்புறுத்தினால், “என்னால முடியாது சார்” என்பதோடு நிறுத்துங்கள். இன்க்ரிமென்ட்டில் கை வைக்கலாம். அந்த நஷ்டத்துக்கு மனதையும் குடும்பத்தையும் முன்பே தயார் செய்துகொள்வது நல்லது.

கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தவர். 1859-இல் வந்த அவருடைய ‘நீதி நூல்’ கைக்கூலி வாங்குவோரைக் கண்டிக்கிறது. ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ எழுதியவரும் அவரேதான். கறாரும் இணக்கமும் ஒரே ஆளிடம் இருக்க முடியும்.

டீம் லீடர் ஆகிவிட்டால்

உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவரை ஜெபக் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள். அவருடைய அப்ரைசல் உங்கள் கையில் இருக்கும்போது அவரால் ‘வரலை’ என்று மனம்விட்டுச் சொல்ல முடியாது. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வசனம் போடுவதும் அப்படியே. அவராகக் கேட்டால் தாராளமாகப் பேசுங்கள், வேலை நேரத்துக்கு வெளியே.

தானியேலைக் கவிழ்க்க நினைத்தவர்கள் முதலில் குடைந்து பார்த்தது அவருடைய ராஜ்ய அலுவல்களைத்தான். அதில் குற்றம் எதுவும் சிக்கவில்லை. நம் வேலையிலும் அப்படிக் குறை இருக்கக் கூடாது. ஜெபக் கூட்டத்துக்கு ஆறு மணிக்குக் கிளம்புகிறவர் காலை ஒன்பதுக்கு சீட்டில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் உங்கள் ‘முடியாது’க்கு மேனேஜர் காதுகொடுப்பார்.