பகிர்ந்தளிக்கும் மின்னேற்றகம்

நுழையும்முன்

வீட்டிற்கு ஒரு தொலைபேசி என்றிருந்த நிலை மாறி, ஆளுக்கொரு திறன்பேசி என்னும் நிலை வந்துவிட்டது. அதனோடு மடிக்கணினி, கையடக்கக் கணினி, காதொலிப்பான், திறன் கடிகாரம் எனக் கருவிகள் பெருகியுள்ளன. இவை அனைத்தும் நாள்தோறும் மின்னூட்டத்தை எதிர்பார்த்து நிற்கின்றன. ஒரே மேசையில், ஒரே பொருத்துவாயிலிருந்து பல கருவிகளுக்கும் மின்னாற்றலைப் பகிர்ந்தளிக்கும் மின்னேற்றகம் எவ்வாறு இயங்குகிறது, அதனைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பலவற்றிலிருந்து ஒன்றுக்கு

கைப்பேசி பரவத் தொடங்கிய காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனி வடிவில் மின்னேற்றியை உருவாக்கியது. ஒன்றின் முனை மற்றொன்றில் பொருந்தாது. கைப்பேசியை மாற்றினால் மின்னேற்றியையும் மாற்றவேண்டிய கட்டாயம் இருந்தது. பழையது இழுப்பறையில் முடங்கியது; பின்னர்க் குப்பைக்குச் சென்றது.

இந்நிலையை மாற்றிய பொதுத்தரம், உண்மையில் மின்னேற்றத்திற்காகத் தோன்றியதன்று. கணினியோடு விசைப்பலகை, அச்சுப்பொறி போன்றவற்றை ஒரே வகை இணைப்பில் பொருத்துவதற்காக 1996ஆம் ஆண்டு யு.எஸ்.பி. என்னும் இணைப்பு முறை வெளியிடப்பட்டது. பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பயின்ற அஜய் பட் என்னும் பொறியாளர், இன்டெல் நிறுவனத்தில் இம்முறையை உருவாக்கிய குழுவில் முதன்மைப் பங்காற்றினார். தரவைக் கடத்தும் கம்பிகளோடு 5 வோல்ட் மின்சாரத்தைக் கடத்தும் கம்பிகளும் அதில் இடம்பெற்றிருந்தன. அன்று அது வழங்கிய திறன் 2.5 வாட் மட்டுமே. அச்சிறு வழியே பின்னர்ப் பெருவழியாயிற்று.

2009ஆம் ஆண்டு முன்னணிக் கைப்பேசி நிறுவனங்கள் ஐரோப்பிய ஆணையத்தின் முயற்சியால் பொது மின்னேற்றிக்குத் தாமாகவே உடன்பட்டன. 2014ஆம் ஆண்டு மேல்கீழ் வேறுபாடின்றி எப்பக்கமாகவும் செருகத்தக்க 'டைப்-சி' முனை அறிமுகமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் புதிய கைப்பேசிகளும் கையடக்கக் கணினிகளும் அம்முனையையே கொண்டிருக்க வேண்டும் என்னும் சட்டம் 2024 டிசம்பர் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியத் தரநிர்ணய அமைவனமும் இம்முனைக்கான தரநிலையை வெளியிட்டுள்ளது. பல நிறுவனங்கள் தம் தனித்தன்மையைச் சற்று விட்டுக்கொடுத்ததன் பயனாகவே, ஒரு மின்னேற்றகம் பல கருவிகளுக்கு உதவும் நிலை உருவாகியுள்ளது.

பெட்டியின் உள்ளே

நம் வீட்டுப் பொருத்துவாயில் கிடைப்பது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். அது ஒரு நொடிக்கு 50 சுழற்சிகளைக் கொண்டது. கைப்பேசியின் மின்கலத்திற்குத் தேவைப்படுவதோ குறைந்த மின்னழுத்தமுள்ள நேர்த்திசை மின்சாரம். இவ்விரண்டிற்கும் இடையே நின்று மாற்றித் தருவதே மின்னேற்றகத்தின் முதற்பணியாகும்.

பழைய மின்னேற்றிகள் கனமாக இருந்ததற்கு அவற்றினுள் இருந்த பெரிய மின்மாற்றியே காரணம். இன்றைய மின்னேற்றகம் மின்சாரத்தை முதலில் நேர்த்திசையாக்கி, பின்னர் அதனை நொடிக்குப் பல்லாயிரம் முறை நிறுத்தி நிறுத்திச் செலுத்துகிறது. இவ்வாறு அதிர்வெண் உயரும்போது மிகச் சிறிய மின்மாற்றியே போதுமானதாகிறது. விரைந்து நிறுத்திச் செலுத்தும் இப்பணியைச் சிலிக்கான் குறைகடத்திகள் செய்துவந்தன. அண்மைக்காலத்தில் காலியம் நைட்ரைடு என்னும் சேர்மம் அவ்விடத்தைப் பெற்று வருகிறது. சிலிக்கானைவிட அதிக வேகத்திலும் குறைந்த வெப்ப இழப்பிலும் இது இயங்குவதால், கையடங்கும் பெட்டியொன்றே நூறு வாட் திறனை வழங்க முடிகிறது.

தெரிந்து தெளிவோம்

மீள மின்னேற்றத்தக்க லித்தியம் அயனி மின்கலத்தை உருவாக்கியமைக்காக ஜான் பி. குட்இனஃப், எம். ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்போது குட்இனஃபிற்கு வயது 97. நோபல் பரிசு பெற்றவர்களுள் மிக மூத்தவர் அவரே. இவ்வகை மின்கலம் 1991ஆம் ஆண்டு முதன்முதலில் விற்பனைக்கு வந்தது.

கேட்டறிந்து கொடுத்தல்

காதொலிப்பானுக்குச் சில வாட் போதும். மடிக்கணினிக்கோ 60 வாட்டிற்கும் மேல் தேவைப்படலாம். இரண்டையும் ஒரே பெட்டியில் இணைத்தால், சிறு கருவிக்குப் பெருந்திறன் பாய்ந்து கேடு விளையாதோ என்னும் ஐயம் எழுவது இயல்பே. அவ்வாறு விளையாது. கருவியை இணைத்தவுடன் மின்னேற்றகம் 5 வோல்ட் அளவிலேயே தொடங்குகிறது. பின்னர்த் தன்னால் தரவியலும் அளவுகள் எவை என்பதைக் கருவிக்குக் குறிப்புகளாக அனுப்புகிறது. 5, 9, 15, 20 வோல்ட் ஆகியவை அவற்றுள் பொதுவானவை. கருவி தனக்கு ஏற்றதைத் தெரிவு செய்து கேட்கிறது. கேட்டது கிடைக்கும் என்னும் உறுதி பெற்ற பின்னரே மின்னழுத்தம் உயர்கிறது. கருவியிடமிருந்து விடை வராவிடில் 5 வோல்ட்டிற்கு மேல் செல்வதில்லை. 2021ஆம் ஆண்டு விரிவாக்கப்பட்ட இம்முறை 240 வாட் வரை வழங்க இடமளிக்கிறது.

இவ்வுரையாடல் கம்பிவடத்தின் வழியே நிகழ்கிறது. எனவே, கம்பிவடத்தின் தரமும் இன்றியமையாதது. இயல்பான டைப்-சி கம்பிவடம் 3 ஆம்பியர் மின்னோட்டத்தைத் தாங்கும். அதாவது 20 வோல்ட்டில் 60 வாட் திறனைக் கடத்தும். அதற்கு மேற்பட்ட மின்னோட்டத்தைக் கடத்தும் வடத்தில், அதன் தாங்குதிறனைத் தெரிவிக்கும் நுண்சில்லு பொருத்தப்பட்டிருக்கும். அச்சில்லு இல்லாத வடத்தில் மின்னேற்றகம் 3 ஆம்பியர் எல்லையைக் கடப்பதில்லை. மடிக்கணினியில் மின்னேற்றம் மெதுவாக நிகழ்ந்தால், மின்னேற்றகத்தைக் குறைகூறும் முன்னர்க் கம்பிவடத்தை ஆராய்வது நன்று.

பங்கீட்டின் கணக்கு

மின்னேற்றகத்தின்மேல் அச்சிடப்பட்ட '100 வாட்' என்பது அனைத்து வாய்களும் சேர்ந்து தரும் மொத்தத் திறன் ஆகும்; ஒவ்வொரு வாயும் தனித்தனியே தரும் திறன் அன்று. மடிக்கணினிக்கு 60, திறன்பேசிக்கு 20, காதொலிப்பானுக்கு 5, திறன் கடிகாரத்திற்கு 5 எனக் கொண்டால் கூடுதல் 90 வாட் ஆகிறது. இது நூற்றுக்குள் அடங்கும். இவற்றோடு 30 வாட் தேவைப்படும் கையடக்கக் கணினியையும் இணைத்தால் தேவை 120 வாட்டாக உயர்கிறது. அப்போது மின்னேற்றகம் பங்கீட்டை மாற்றியமைக்கிறது. மடிக்கணினிக்குரிய பங்கு குறைந்து, அது மெதுவாக நிரம்பும். புதிய கருவியை இணைக்கும்போது ஏனையவற்றின் மின்னேற்றம் ஒரு நொடி நின்று மீண்டும் தொடங்குவதும் உண்டு. அது பழுதன்று, புதிய பங்கீடு நிகழ்வதன் அடையாளம்.

மின்கட்டணத்தின் கணக்கையும் அறிந்துகொள்ளலாம். 5000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள திறன்பேசி மின்கலம், 3.85 வோல்ட் எனக் கொண்டால், ஏறத்தாழ 19 வாட்-மணி ஆற்றலைச் சேமிக்கும். இடையில் வெப்பமாக இழக்கப்படுவதையும் சேர்த்து 25 வாட்-மணி செலவாவதாகக் கொள்வோம். ஓர் அலகு மின்சாரம் என்பது 1000 வாட்-மணி. எனவே, ஓர் அலகைக் கொண்டு அத்திறன்பேசியை 40 முறை நிரப்பலாம். செலவு சிறிதே. ஆகவே, மின்னேற்றத்தில் நாம் முதன்மையாகக் கருதவேண்டியவை பாதுகாப்பும் கருவியின் ஆயுளும் ஆகும்.

மின்கலத்தின் இயல்பு

மின்னேற்றத்தின்போது லித்தியம் அயனிகள் ஒரு மின்வாயிலிருந்து புறப்பட்டு, மின்பகுளியைக் கடந்து, கிராஃபைட்டு அடுக்குகளின் இடையே சென்று தங்குகின்றன. தொடக்கத்தில் இடம் மிகுதி. ஆதலால் அயனிகள் விரைந்து நுழைகின்றன. நிரம்ப நிரம்ப வேகம் குறைகிறது. ஐம்பது விழுக்காட்டை விரைவில் எட்டும் திறன்பேசி, இறுதி இருபது விழுக்காட்டிற்கு நெடுநேரம் எடுத்துக்கொள்வதன் காரணம் இதுவே.

முழுமையாக நிரம்பிய நிலையில் நெடுநேரம் இருப்பதும், முற்றிலும் தீர்ந்துபோவதும், மிகுவெப்பமும் மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும். இருபது முதல் எண்பது விழுக்காடு வரை வைத்துப் பயன்படுத்துவது ஆயுளை நீட்டிக்கும். எண்பதில் நிறுத்தும் வசதி பல திறன்பேசிகளில் உள்ளது. மின்னேற்றம் நிகழும்போதே நெடுநேரம் காணொலி விளையாட்டில் ஈடுபட்டால், இரு வழியாலும் வெப்பம் கூடும். இதனைத் தவிர்க்க வேண்டும்.

இடமும் முறையும்

மின்னேற்றகத்தை வைக்கும் இடம் கடினமான, உலர்ந்த, காற்றோட்டமுள்ள மேற்பரப்பாக இருத்தல் வேண்டும். படுக்கை, தலையணை, துணிக்குவியல் ஆகியவை வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுப்பவை, தீப்பற்றக் கூடியவையும்கூட. தலையணையின் அடியில் திறன்பேசியை மின்னேற்றியபடி உறங்குவது உயிருக்கு ஊறு விளைவிக்கும் பழக்கமாகும். வெயில் விழும் சன்னலோரமும் ஏற்றதன்று.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என வழங்கும் நீட்டிப்புப் பெட்டியின்மேல் மற்றொரு நீட்டிப்புப் பெட்டியை இணைத்தல் கூடாது. சலவைப்பெட்டி, நீர்சூடேற்றி போன்றவற்றை மின்னேற்றகத்தோடு ஒரே நீட்டிப்புப் பெட்டியில் பொருத்துதலும் கூடாது. ஈரக்கையால் செருகியைத் தொடக்கூடாது. உறை கிழிந்து கம்பி தெரியும் வடத்தை ஒட்டிப் பயன்படுத்துவதைவிட மாற்றுவதே முறை. வாங்கும்போது, இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் முத்திரையும் 'ஆர்' என்னும் எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் உள்ளனவா எனப் பார்த்து வாங்க வேண்டும். சிறு தொகையை மிச்சப்படுத்த வாங்கிய தரமற்ற மின்னேற்றி, வீட்டையே இழக்கச் செய்யலாம்.

மின்கலம் உப்பிக் கருவியின் மூடி மேலெழுந்தால் அதனை மின்னேற்றக்கூடாது. அழுத்தவோ துளையிடவோ கூடாது. பழுதுநீக்கும் மையத்தில் ஒப்படைக்க வேண்டும். தீ பற்றினால், இயலுமாயின் முதன்மை மின்தொடர்பைத் துண்டித்து, வீட்டினரோடு வெளியேறி, 101 அல்லது 112 என்னும் எண்ணை அழைக்க வேண்டும்.

பொது இடங்களில் உள்ள யு.எஸ்.பி. வாய்களில் நேரடியாக இணைப்பதும் இடர் தரக்கூடும். மின்சாரம் செல்லும் வடத்திலேயே தரவும் செல்வதால், தகவல் திருட்டுக்கு அது வாயிலாகலாம் என இந்திய ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டு வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேடு எச்சரிக்கிறது. பயணத்தின்போது சொந்த மின்னேற்றியைப் பயன்படுத்துவதே நலம்.

கழிவும் பொறுப்பும்

ஒரு மின்னேற்றகம் ஐந்து மின்னேற்றிகளின் வேலையைச் செய்யுமாயின், ஐந்து பெட்டிகளுக்கான செம்பும் நெகிழியும் குறைகின்றன. ஆயினும், நன்றாக இயங்கும் மின்னேற்றிகளை எறிந்துவிட்டுப் புதிய மின்னேற்றகம் வாங்குவது சிக்கனமாகாது. உள்ளதை முழுதும் பயன்படுத்தி, தேவை எழும்போது பொதுத்தரமுள்ளதை வாங்குவதே அறிவுடைமை. பழுதானவற்றை வீட்டுக் குப்பையில் சேர்க்கலாகாது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்பாடு முடிந்த கருவிகளை மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்க்கு உரியதாக்கியுள்ளன. அவற்றை உரிய இடத்தில் சேர்க்கும் பொறுப்பு பயன்படுத்துவோர்க்கு உரியது.

கொடுப்பதன் எல்லையை அறிதல், பெறுபவரின் தேவையைக் கேட்டல், புதியவர் வரும்போது பங்கீட்டை மாற்றிக்கொள்ளல் ஆகிய மூன்றையும் இச்சிறு பெட்டி ஒவ்வொரு நொடியும் செய்கிறது. அதனை உரிய இடத்தில் வைத்து, உரிய முறையில் பயன்படுத்தும் பொறுப்பு மட்டும் மனிதர்க்கு உரியதாக எஞ்சுகிறது.

சொல்லறிவோம்

'மின்' என்னும் பெயரும் 'ஏற்றி' என்னும் கருவிப்பெயரும் புணர்ந்து, னகர ஒற்று இரட்டித்து 'மின்னேற்றி' ஆயிற்று. 'அகம்' என்பது இடத்தைக் குறிக்கும். நூலகம், மருந்தகம் என்பன போல மின்னேற்றம் நிகழும் இடம் மின்னேற்றகம் எனப்படும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள மின்னேற்றிகளில் அச்சிடப்பட்டுள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகளைக் குறித்து, அவற்றின் திறனை வாட் அளவில் கணக்கிட்டு அட்டவணைப்படுத்துக.
2. மின்னேற்றத்தின்போது கடைப்பிடிக்கவேண்டிய பாதுகாப்பு முறைகள் குறித்துப் பள்ளி அறிவிப்புப் பலகைக்கு ஒரு சுவரொட்டி உருவாக்குக.

மதிப்பீடு

குறுவினா
1. 100 வாட் மின்னேற்றகம் என்பதன் பொருள் யாது?
2. மின்கலம் உப்பியிருப்பின் செய்யத்தகாதவை எவை?

சிறுவினா
1. மின்னேற்றகம் கருவியின் தேவையை அறிந்து மின்னாற்றலை வழங்கும் முறையை விளக்குக.
2. திறன்பேசி நிரம்பும் வேகம் இறுதியில் குறைவது ஏன்?

நெடுவினா
பொதுத்தரம் என்பது பயன்படுத்துவோர்க்கும் சுற்றுச்சூழலுக்கும் விளைவிக்கும் நன்மைகளைப் பாடக் கருத்துகளின் துணையோடு தொகுத்து எழுதுக.