பொருளியல் முதுமாணி: எதைப் பார்த்துத் தெரிவது?

உயர்தரத்தில் பொருளியல் படித்து, யாழ்ப்பாணம், ஒலுவில், பேராதனை எனப் பல்கலைக்கழகம் சென்ற நம் பிள்ளைகள் பட்டம் முடித்து வந்ததும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "டீச்சர், மாஸ்டர்ஸ் எங்கே செய்யலாம்?" நான் பதில் சொல்ல முன்னர், "எதற்காக மகள்?" என்று திருப்பிக் கேட்பேன். வங்கியிலோ திணைக்களத்திலோ பதவி உயர்வுக்கு உதவும் முதுமாணி ஒன்று. கலாநிதிப் பட்டம் வரை போக ஆயத்தப்படுத்தும் முதுமாணி வேறொன்று. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் குழம்புகின்றனர். கலாநிதிப் பட்டத்தை எண்ணியிருக்கும் மாணவியருக்கும் அவர்களின் பெற்றோருக்கும் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மட்டத்தைப் பாருங்கள்

இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் 12 மட்டங்கள் உள்ளன. சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டம். இடையில் இரண்டு வகை முதுமாணிகள் இருக்கின்றன. 9ஆம் மட்டத்து முதுமாணி 30 கிரெடிட் கொண்டது. பாடநெறிகளைப் படித்துப் பரீட்சை எழுதினால் முடிந்துவிடும். 10ஆம் மட்டத்து முதுமாணிக்கு 60 கிரெடிட். அதில் குறைந்தது 15 கிரெடிட் ஆய்வுக்குரியது. கலாநிதிப் பட்டத்தை எண்ணுகின்றவர் 10ஆம் மட்டத்தையே தேட வேண்டும். விண்ணப்பப் படிவம் நிரப்புமுன் "இது எந்த மட்டம்? ஆய்வேடு உண்டா?" என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

ஆய்வேடு எழுதும்போதுதான் ஒரு கேள்வியை வகுக்கவும், தரவு திரட்டவும், பிழை திருத்தி மீண்டும் எழுதவும் பழகுகிறோம். மேற்பார்வையாளரும் நம்மை அறிந்துகொள்கிறார். வெளிநாட்டுக் கலாநிதி விண்ணப்பங்களுக்குப் பொதுவாக மூன்று பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். நம் ஆய்வைக் கூட இருந்து பார்த்தவர் எழுதும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

கணிதத்தைப் பாருங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பொருளியல் கலாநிதிப் படிப்பின் முதலாம் ஆண்டு பெரும்பாலும் மூன்று பாடங்களால் நிறைந்திருக்கும்: நுண்பாகப் பொருளியல், பேரினப் பொருளியல், தரவுகளைக் கொண்டு கோட்பாட்டைச் சோதிக்கும் பொருளியல் அளவையியல். அவை முடிந்ததும் தகைமைப் பரீட்சை வரும். இவை மூன்றும் கணிதத்தில் எழுதப்பட்ட பாடங்கள். வகையீடு, தொகையீடு, தாயங்கள், நிகழ்தகவு ஆகியவை தெரியாமல் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தையே தாண்ட முடியாது.

கலைப் பிரிவிலோ வர்த்தகப் பிரிவிலோ படித்த பிள்ளைகள் இதைக் கேட்டு மனந்தளர வேண்டாம். 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான எஸ்தர் டுப்லோ, பாரிஸில் வரலாற்றையும் பொருளியலையும் படித்தவர். அங்கேயே பொருளியலில் முதுமாணி முடித்து, பின் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1999இல் கலாநிதியானார். அவரோடு பரிசைப் பகிர்ந்த அபிஜித் பானர்ஜி, டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 1983இல் முதுமாணி முடித்து, 1988இல் ஹார்வர்டில் கலாநிதிப் பட்டம் பெற்றார். இருவரும் முதுமாணியைப் படியாக வைத்தே மேலே ஏறினார்கள். ஆகவே பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். கணிதமும் அளவையியலும் கட்டாயப் பாடங்களாக இல்லாத முதுமாணி, கலாநிதிப் படிப்புக்குப் போதிய ஆயத்தம் தராது.

எங்கே படிப்பது?

அமெரிக்காவில் இளமாணியோடு நேரே கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தவருக்குப் பெரும்பாலும் கட்டணவிலக்கும் மாதாந்தக் கொடுப்பனவும் கிடைக்கும். அங்கே முதுமாணி மட்டும் படிப்பவர்கள் பெரும்பாலும் கைக்காசு செலவழிக்கிறார்கள். ஐரோப்பாவில் பொதுவாக முதுமாணி முடித்த பிறகே கலாநிதிப் படிப்பு. அயலில், சார்க் நாடுகள் சேர்ந்து 2010இல் டில்லியில் தொடங்கிய தெற்காசியப் பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளைகளும் பொருளியல் முதுமாணிக்கு விண்ணப்பிக்கலாம். சென்னையில் பொருளியலுக்கென்றே மெட்ராஸ் ஸ்கூல் ஒப் இக்கனொமிக்ஸ் இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு சொல்

வட்டிக்குக் கடன் எடுத்துப் பிள்ளையைப் படிப்பிக்க நாம் விரும்புவதில்லை. ஆகவே புலமைப்பரிசிலைக் கடைசியில் அல்ல, முதலிலேயே பாருங்கள். பிரித்தானியாவுக்குப் பொதுநலவாயப் புலமைப்பரிசில், ஐரோப்பாவுக்கு எரஸ்மஸ் முண்டுஸ், இந்தியாவுக்கு அந்நாட்டு அரசின் புலமைப்பரிசில்கள் ஆகியவற்றுக்கு இலங்கையர் விண்ணப்பிக்கலாம். பட்டத்தின் இறுதி ஆண்டிலேயே ஆங்கிலப் பரீட்சைக்கும் விண்ணப்பத்துக்கும் ஆயத்தமாக வேண்டும். பாதுகாப்பு, விடுதி, உணவு, தொழுகை பற்றிய உங்கள் கவலை நியாயமானது. அவற்றையும் கேட்டறிந்து, பிள்ளையோடு அமர்ந்து முடிவு செய்யுங்கள். தூரத்தை மட்டும் காரணமாக வைத்து மறுத்துவிடாதீர்கள்.

இவ்வளவு பாடுபட்டு ஒருத்தி ஏன் கலாநிதியாக வேண்டும்? முள்ளியவளையிலும் தண்ணீரூற்றிலும் வாழ்ந்த நம்மவர்கள் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டார்கள். வயலும் கடையும் மாடும் விட்டுப் போன குடும்பங்களின் இழப்பு எவ்வளவு? மீண்டு வந்தோரின் காணியும் தொழிலும் இன்று எந்த நிலையில்? யுத்தத்தில் எல்லாம் இழந்த அயல் தமிழ்க் குடும்பங்களின் நிலை என்ன? நுண்கடனால் நம் பெண்கள் பட்டதென்ன? நந்திக்கடல் மீன்பிடியின் வருமானம் யாருக்குப் போகிறது? இவற்றை முறையாக அளந்து, உலகம் ஏற்கும் விதத்தில் எழுத, இந்த மண்ணை அறிந்த ஆய்வாளர்கள் வேண்டும். அவர்களுள் சிலர் இக்கல்லூரியிலிருந்து வர வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக.