உறங்காத உறுப்பு

கேள்வி: பாலாவி உப்பளப் பாத்தியின் நீர்மட்டத்தை மணிக்கொரு முறை அளக்க ஏடிமெகா328பி சிப்பில் ஒரு கருவி செய்தேன். சிப்பை உறங்க வைத்தும், பட்டன் பற்றரி ஒரு மாதத்தில் தீர்ந்துவிடுகிறதே, ஏன்?
- வாசகர், கற்பிட்டி

பதில்: சிப் உறங்கினாலும், மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி என்னும் உறுப்பு, தாங்கள் தனியே அணைக்காத வரையில், விழித்தபடியே சுமார் கால் மில்லிஆம்பியரை விரயம் செய்துகொண்டிருக்கும். 220 மில்லிஆம்பியர்-மணி கொள்ளும் 2032 பற்றரியை 880 மணியில், அதாவது சுமார் 37 நாளில், தீர்த்துவிட அது ஒன்றே போதும். ஆகையால் உறக்கத்துக்கு முன் ஏடிசியை இயக்கும் ஏடிஇஎன் பிட்டைப் பூஜ்யமாக்கி, அதன் பின்னரே ஏடிசியின் கடிகாரத்தை நிறுத்தும் பிஆர்ஏடிசி பிட்டை ஒன்றாக்குவது அவசியம். இந்தக் கிரமம் மாறினால் ஏடிசியின் கடிகாரம் மட்டும் நின்று, செலவு நிற்காது. விழித்ததும் இரண்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். முதல் அளவீட்டுக்கு 13 அல்ல, 25 ஏடிசி கடிகாரத் துடிப்புகள் ஆகும். அந்த முதல் அளவீட்டை நான் நம்புவதில்லை, தள்ளிவிடுவேன்.

நீர்மட்டத்தை அறிய மிதவையோடு பிணைக்கும் 10 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டரை நேரே பற்றரியில் கட்டினால் 3 வோல்ட்டில் 300 மைக்ரோஆம்பியர் போகும். (ஏடிசியின் செலவோடு இதுவும் சேர்ந்திருந்தால் பற்றரி ஒரு மாதம் தாங்கியிராது; ஆகவே தாங்கள் அப்படிக் கட்டவில்லை போலும்.) அளக்கும் கணத்தில் மட்டும் சிப்பின் ஒரு பின் வழியாக அதற்கு மின்சாரம் கொடுங்கள். உப்புக்காற்றின் ஈரம் படிந்தால் பின்களுக்கிடையே மின்சாரம் கசியும். போர்டுக்கு வார்னிஷ் பூச மறவாதீர்கள்.