குதிகாலுக்குக் கீழே ஓர் அழுத்தப் பாடம்

எட்டாம் வகுப்பின் ‘விசையும் அழுத்தமும்’ பாடத்தை ஆணி, கத்தி, ஒட்டகத்தின் பாதம் என்ற உதாரணங்களோடுதான் நானும் பல ஆண்டுகள் தொடங்கி வந்தேன். மூன்று ஆண்டுகளாக ஒரு கட்டிலிலிருந்து தொடங்குகிறேன். அதற்குக் காரணம் என் அப்பா.

பக்கவாதத்தால் அவருடைய வலப்பக்கம் செயலிழந்தபோது ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். அங்கே அவருக்குக் கிடைத்தது உணரிகள் பொருத்திய நவீனக் கட்டில். பொத்தானை அழுத்தினால் தலைப்பக்கம் உயரும். படுத்திருப்பவரின் எடையைத் தானே காட்டும். அவர் விளிம்புக்கு நகர்ந்தால் ஒலி எழுப்பும். ‘இனிக் கட்டில் பார்த்துக்கொள்ளும்’ என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். பன்னிரண்டாம் நாள் காந்திகிராமத்துக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து, கால்களைத் துடைத்துவிடும்போதுதான் பார்த்தேன். வலது குதிகாலில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கறுத்திருந்தது. அது படுக்கைப்புண். ஆறுவதற்கு நான்கு மாதம் ஆயிற்று.

அந்தக் கட்டில் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. எடையை அளந்தது, விளிம்பைக் கவனித்தது. குதிகாலைக் கவனிக்கும் உணரி அதில் இல்லை. அது எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று நான் கேட்கவே இல்லை. இத்தனைக்கும் நான் அறிவியல் ஆசிரியை. அந்தக் கேள்வியை என் மாணவர்களாவது கேட்கப் பழக வேண்டும் என்றுதான் இந்தப் பாடத்தை அமைத்தேன். வகுப்பில் செய்து பார்த்தவற்றை இங்கே பகிர்கிறேன்.

செயல்பாடு 1: அசையாமல் ஐந்து நிமிடம்

இதைத் தொடக்க வகுப்புகளிலும் செய்யலாம். மாணவர்கள் பெஞ்சிலோ தரையிலோ அமர்ந்து, ஐந்து நிமிடம் இடுப்பை அசைக்காமல் இருக்க வேண்டும். இருவர் மட்டும் பார்வையாளர்கள். யார் எப்போது அசைகிறார்கள் என்று குறித்துக்கொள்வார்கள். எங்கள் வகுப்பில் இரண்டு நிமிடத்துக்குள் பாதிப் பேர் அசைந்துவிட்டார்கள். “நான் அசையவே இல்லை டீச்சர்” என்று அவர்களில் பலர் சண்டைக்கும் வந்தார்கள்.

இங்கேதான் பாடம் தொடங்குகிறது. ஒரே இடம் அழுந்தினால் அங்கே இரத்த ஓட்டம் குறைகிறது. தோலில் உள்ள நரம்பு முனைகள் அதை உணர்ந்து தெரிவிக்கின்றன. நாம் நினைக்காமலேயே உடம்பு இடம் மாறிக்கொள்கிறது; தூக்கத்தில் புரள்வதும் இதனால்தான். பக்கவாதத்திலோ தண்டுவடக் காயத்திலோ இந்தச் செய்தி போய்ச் சேர்வதில்லை. சேர்ந்தாலும் அசைய முடிவதில்லை. அப்படிப்பட்டவருக்கு நம் உடம்பு தானாகச் செய்வதை வேறொருவர் செய்ய வேண்டும். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944-இல் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், நோயாளிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், புரட்டிப் படுக்க வைப்பதைக் கட்டாயமாக்கினார். பல உயிர்களைக் காத்தது அந்த எளிய விதி.

செயல்பாடு 2: சராசரி மறைப்பது

தேவையானவை: சமையலறை டிஜிட்டல் தராசு, அதே உயரத்துக்கு அடுக்கிய புத்தகங்கள், வரைபடத்தாள், முத்திரை மை, ஒரு போர்வை, ஒரு தலையணை.

முதலில் மொத்த உடலுக்குக் கணக்கிடுவோம். 45 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரின் எடை சுமார் 450 நியூட்டன். அவர் பாயில் மல்லாந்து படுக்கிறார். உடலுக்கும் பாய்க்கும் இடையே மெல்லிய தாளை நுழைத்துப் பார்த்து, தொடும் இடங்களை மட்டும் குறித்தோம். தோராயமாக 0.25 சதுர மீட்டர் வந்தது. 450-ஐ 0.25-ஆல் வகுத்தால் 1,800 பாஸ்கல். ஒரு மி.மீ. பாதரசம் என்பது சுமார் 133 பாஸ்கல்; ஆகவே இது ஏறத்தாழ 13.5 மி.மீ. பாதரசம்.

இப்போது ஒப்பிட ஓர் எண். 1930-இல் யூஜின் லாண்டிஸ் என்ற ஆய்வாளர் விரல் தோலின் இரத்தத் தந்துகியில், தமனிப் பக்க முனையில் உள்ள அழுத்தத்தைச் சுமார் 32 மி.மீ. பாதரசம் என்று அளந்தார். வெளி அழுத்தம் இதைவிடக் கூடி நீண்ட நேரம் நீடித்தால் தந்துகி நசுங்கி, அந்தத் திசுவுக்கு இரத்தம் கிடைக்காமல் போகலாம். 13.5 என்பது 32-ஐவிடக் குறைவு. “அப்படியானால் படுத்திருப்பவருக்குப் புண்ணே வரக்கூடாதே?” என்று மாணவர்களைக் கேளுங்கள். விடையை உடனே சொல்லிவிடாதீர்கள்.

அடுத்து குதிகால். மாணவர் படுத்து, ஒரு குதிகாலைத் தராசின் மீதும் மற்றதைப் புத்தக அடுக்கின் மீதும் வைக்கட்டும். எங்களுக்குத் தராசு காட்டியது 1.2 கிலோகிராம், அதாவது சுமார் 12 நியூட்டன். குதிகாலில் மை தடவி வரைபடத்தாளில் பதித்துக் கட்டங்களை எண்ணினோம். 8 சதுர சென்டிமீட்டர், அதாவது 0.0008 சதுர மீட்டர். 12-ஐ 0.0008-ஆல் வகுத்தால் 15,000 பாஸ்கல். ஏறத்தாழ 113 மி.மீ. பாதரசம்! வகுப்பு சட்டென்று அமைதியானது. தாளுக்கு அடியில் மடித்த போர்வையை வைத்துப் பதித்தபோது பரப்பு 20 சதுர சென்டிமீட்டராக விரிந்தது. அழுத்தம் 45-க்கு இறங்கியது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணையை நீளவாக்கில் வைத்ததும் குதிகால் எதையும் தொடாமல் நின்றது. அழுத்தம் சுழி.

சராசரி 13.5 என்பது பொய்யில்லை. ஆனால் அது குதிகாலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வகுப்புச் சராசரி 70 என்று சொல்லும்போது கடைசி வரிசையில் 20 எடுத்த பிள்ளை மறைந்துபோவது நமக்குப் புதிதா என்ன?

கட்டில் எப்படி அறிகிறது?

மருத்துவமனைக் கட்டில்களில் மூன்று வகை உணரிகளை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தலாம்.

முதலாவது, சட்டத்தின் மூலைகளில் உள்ள எடை உணரிகள். உலோகத் துண்டு சுமையால் மிகச் சிறிதளவு வளையும்போது, அதில் ஒட்டிய மெல்லிய கம்பியின் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றமே எடையாகக் காட்டப்படுகிறது. ஒரு பலகையின் இரு முனைகளுக்கும் கீழே இரண்டு எடைபார்க்கும் கருவிகளை வைத்து இதை விளக்கலாம். 40 கிலோகிராம் நிறையுள்ள மாணவர் நடுவில் அமர்ந்தால், பலகையின் எடை போக, 20-20 காட்டும். ஓரத்துக்கு நகர்ந்தால் 30-10 ஆகும், கூட்டுத்தொகை மாறாது. நோயாளி விளிம்புக்கு வருவதைக் கட்டில் கண்டுபிடிப்பது இப்படித்தான்.

இரண்டாவது, அழுத்த வரைபட விரிப்பு. இதில் நூற்றுக்கணக்கான சிறு உணரிகள் கட்டம் கட்டமாக உள்ளன. அழுத்தம் கூடிய இடம் திரையில் சிவப்பாகவும் குறைந்த இடம் நீலமாகவும் தெரியும். என் அப்பாவின் குதிகாலைக் காட்டியிருக்கக் கூடியது இதுதான்.

மூன்றாவது, மெத்தைக்கு அடியில் வைக்கும் தாள் போன்ற உணரி. சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் உண்டாகும் என்பதை 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். அந்தப் பீசோ மின்விளைவைப் பயன்படுத்தி, இதயத் துடிப்பாலும் மூச்சாலும் உடலில் எழும் நுண்ணிய அதிர்வுகளை மெத்தையின் வழியாகவே அளக்கலாம். பெங்களூரைச் சேர்ந்த டோஸீ நிறுவனம் இத்தகைய தாளை உருவாக்கியிருக்கிறது. உடலில் கம்பி எதையும் ஒட்ட வேண்டியதில்லை. வகுப்பில் இதற்கு ஈடாக, ஃபைபாக்ஸ் என்ற இலவசச் செயலியைத் திறந்து, படுத்திருக்கும் மாணவரின் வயிற்றில் கைபேசியை வைத்தோம். முடுக்கமானி வரைபடத்தில் மூச்சு அலை அலையாக ஏறி இறங்கியது.

கொல்லிமலையில் பிறந்தவரின் கையுறை

இத்தனையும் பார்த்த பிறகு மாணவர்களுக்கு உணரிமீது பெரும் நம்பிக்கை வந்துவிடும். அந்த இடத்தில் மருத்துவர் பால் பிராண்டின் கதையைச் சொல்கிறேன். 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து புகழ்பெற்றவர். அந்த நோயாளிகளின் விரல்கள் சிதைவதற்குப் பெரிய காரணம் வலி தெரியாததே என்பதைக் காட்டியவர்களில் முக்கியமானவர். சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும் கை பின்வாங்காது. காயத்தோடே வேலை தொடரும்.

பின்னர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில், இழந்த வலிக்கு ஈடாக அவருடைய குழு அழுத்த உணரிகள் பொருத்திய கையுறைகளைச் செய்தது. அழுத்தம் எல்லை மீறினால் காதில் ஒலி கேட்கும். நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி தரும்படி மாற்றினார்கள். அவசர வேலை வந்தபோது நோயாளிகள் அதை அணைத்துவிட்டு வேலையை முடித்தார்கள். கடைசியில் அந்த முயற்சி கைவிடப்பட்டது.

ஏன் தோற்றது என்று விவாதிக்க விட்டேன். ஒரு மாணவன் சொன்னான்: “வலின்னா ஆஃப் பண்ண முடியாது டீச்சர். மிஷினை ஆஃப் பண்ணிடலாம்.” நான் சொல்ல நினைத்ததை அவன் சுருக்கமாகவே சொல்லிவிட்டான்.

மூன்று கேள்விகள்

இந்தப் பாடத்தின் மதிப்பீடாக, எந்த உணரியைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்கிறேன். இது எதை அளக்கிறது? யாருக்குச் சொல்கிறது? சொன்ன பிறகு யார் என்ன செய்ய வேண்டும்? வாகனத்தின் பின்பக்க ஒலிப்பான், வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிறைநிலை மணி என எதற்கும் இது பொருந்தும். மூன்றாவது கேள்விக்கு விடை இல்லையென்றால் மற்ற இரண்டும் இருந்து பயனில்லை.

எங்கள் வீட்டில் அந்த மூன்றாவது கேள்விக்கு விடை தந்தவர், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வந்த செவிலியர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இத்திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வலிதணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. அவர் சொல்லித்தந்தவை: இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றுவது, நேரத்தைச் சுவரில் ஒட்டிய தாளில் எழுதுவது, தினமும் குதிகால், வால் எலும்புப் பகுதி, இடுப்பெலும்பு ஆகியவற்றைப் பார்ப்பது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கும்போது வெளுக்காவிட்டால் அது எச்சரிக்கை. நம்மைப் போன்ற கருநிறத் தோலில் சிவப்பு தெரியாது. சூடு, இறுக்கம், வலி, நிற வேறுபாடு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. வளையம் போன்ற மெத்தையையும் வைக்கக் கூடாது. அது சுற்றியுள்ள பகுதியை அழுத்தி இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். காற்று மெத்தை வாங்கினாலும் பக்கம் மாற்றுவதை நிறுத்த முடியாது.

ஆசிரியர் கவனத்துக்கு

படுக்கும் செயல்பாடுகளை விருப்பமுள்ள மாணவர்களைக் கொண்டு, மாணவர், மாணவியரைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்துச் செய்யலாம். எடையைச் சத்தமாக வாசிக்க வேண்டாம். அது கேலிக்கு இடமாகும். நம் பள்ளிப் பதிவேட்டில் வீட்டுவழிக் கல்வி பெறும் குழந்தைகளும் இருக்கலாம். அவர்களை உதாரணமாகக் காட்டக் கூடாது. ஆனால் அவர்கள் வீட்டுக்குச் செல்லும் சிறப்பாசிரியரிடம், ‘எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுகிறார்கள்?’ என்று நாம் கேட்கலாம். சக்கர நாற்காலியில் வகுப்புக்கு வரும் குழந்தைக்கும் அவ்வப்போது எடையை மாற்றி அமர நேரம் கொடுப்பது நம் பொறுப்பு.

சென்ற ஆண்டு இந்தப் பாடம் முடிந்த மறுநாள், சின்னாளப்பட்டியிலிருந்து வரும் ஒரு மாணவி இடைவேளையில் தயங்கித் தயங்கி வந்தாள். “டீச்சர், எங்க அப்பத்தா ஆறு மாசமா படுக்கையில இருக்கு. நேத்து குதிகாலைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் சூடா இருந்துச்சு” என்றாள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணையைத் தானே வைத்துவிட்டதாகவும் சொன்னாள். அன்று மாலையே செவிலியரிடம் காட்டும்படி அவள் அம்மாவிடம் கைபேசியில் பேசினேன். தோல் உடையவில்லை, சில நாட்களில் சரியாயிற்று.

அந்தத் தேர்வில் அவள் அழுத்தத்தின் அலகை நியூட்டன் என்று எழுதியிருந்தாள். மதிப்பெண்ணைக் குறைத்தேன். பிறகு அவளை அழைத்து, 113 என்ற எண்ணை நாம் எப்படிக் கண்டுபிடித்தோம் என்று மறுபடி போடச் சொன்னேன். தவறில்லாமல் போட்டாள்.